கால் வழுக்கியது என்று சொன்னார்கள்

தென்காசியில் நான் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஊசி போடாததால் நர்ஸ் இல்லை. மருந்து எழுதாததால் டாக்டரும் இல்லை. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்ததால் ‘டீச்சர்’ என்றார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. மனசு சரியில்லாத பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதற்குச் சம்பளம் கொடுத்து ஒரு ஆளை வைப்பார்கள் என்பதை அந்தப் பக்கத்தில் யாரும் நம்பவில்லை. எனக்கே முழுதாக நம்பிக்கை இல்லை.

வெள்ளைப் புடவை ஆஸ்பத்திரிக்காகக் கட்டியதல்ல. என் கணவர் கல்யாணமான முதல் வருஷத்திலேயே காய்ச்சலில் இறந்துபோனார். வாசுதேவநல்லூரில் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தேன். நான் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நானே காப்பி போட்டுக் கொடுத்தேன். நல்ல திடமான பிள்ளை என்று மெச்சினார்கள். அப்பா அதை நம்பி என்னைச் சென்னைக்குப் படிக்க அனுப்பினார். சமூக சேவைப் படிப்பு. அதில் ஒரு பகுதி, மனநோய் ஆஸ்பத்திரியில் பயிற்சி. கூடப் படித்தவர்கள் அங்கே முதல் வாரம் சோறு இறங்காமல் தவித்தார்கள். நான் சாப்பிட்டேன். இந்த வேலைக்கு நீ பொருத்தம் என்று பேராசிரியை சொன்னார்.

எல்லாரும் திடம் என்று சொன்னது என்னவென்று எனக்குத் தெரியும். அரிவாள்மணையில் விரல் அறுபட்டால், தரையில் சொட்டியிருக்கும் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அறுபட்டதே எனக்குத் தெரியும். ஊறுகாயை நாக்கில் வைத்தால் உறைக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். அப்படியே சில வருஷங்கள் ஓடியிருந்தன. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படியான வலி ஒன்றும் இல்லையே.

ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர்தான் என்னை வேலைக்கு எடுத்தவர். வயிற்றுவலி, தலைவலி என்று வரும் வாலிபப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வயிற்றிலும் தலையிலும் ஒன்றும் இல்லை என்று அவர் கண்டிருந்தார். அவர்களை என் அறைக்கு அனுப்புவார். பழைய கட்டில்கள் போட்டுவைத்திருந்த அறை அது. சன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டின் புகை வரும். மூடினால் புழுங்கும். வருகிறவர்கள் எது வேண்டும் என்று சொல்கிறார்களோ அப்படிச் செய்வேன். பல பிள்ளைகள் முதல் நாளில் என்னிடம் பேசிய ஒரே விஷயம் அந்தச் சன்னலைப் பற்றித்தான்.

ஒரு ஆடி மாதம் இலஞ்சியிலிருந்து ஒரு அம்மாள் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்ணுக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். அந்த அம்மாள் அவளுடைய அத்தை, அப்பாவின் அக்கா. பெண்ணின் தாய் அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட, அவளையும் அவள் அண்ணனையும் வளர்த்தவர். வயலும் தென்னந்தோப்பும் உள்ள வீடு.

“அழமாட்டேங்கா டீச்சர்,” என்றார் அத்தை.

நான் பெண்ணைப் பார்த்தேன். அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை வாரி, பின்னி, முகம் கழுவி, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

“இவ அண்ணன் வைகாசிக் கடைசியில தவறிட்டான். கிணத்துல கால் வழுக்கிட்டு. ஒத்தப் பய. இவளும் அவனும் ஒரு தட்டுல சாப்பிட்டு வளந்ததுக. தூக்கிட்டுப் போறப்பவும் இவ அழல, பதினாறு அன்னைக்கும் அழல. சாப்பிடுதா, தூங்குதா, சொன்ன வேலையச் செய்யுதா. கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. ஊர்ல கல்லு, கல்லுங்காவ.”

“வேற என்ன செய்யுதா?”

“அதுக்கு மேல என்ன வேணும்? முந்தாநாள் அடுப்புல இருந்து சட்டியை வெறுங்கையால எறக்கி வச்சிட்டு நிக்கா. கை பொத்துப்போச்சு. ஏட்டி, சுடலையான்னு கேட்டா, தெரியலங்கா.”

பெண்ணின் வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தது. அந்தக் கையை மடியில் வைத்திருந்தாள், கடையில் வாங்கிய சாமானைப் போல.

அத்தை மருந்து கேட்டு வரவில்லை. குற்றால அருவியில் நிறுத்தினால் தண்ணீர் தலையில் அடித்து மூளை தெளிந்துவிடும் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். சாரல் நன்றாகப் பிடித்திருந்த நேரம். நிறுத்தலாமா, கெடுதல் உண்டா என்று கேட்கத்தான் வந்திருந்தார். டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

“வேண்டாம்னு சொன்னா கூட்டிட்டுப் போகாம இருப்பாங்களா?” என்றார்.

“மாட்டாங்க.”

“அப்போ நீங்களும் கூடப் போங்க. கைக்கட்டு நனையாமப் பார்த்துக்குங்க.”

மறுநாள் காலையில் போனோம். பேரருவியில் தண்ணீர் பாறை தெரியாமல் விழுந்துகொண்டிருந்தது. ஆண்கள் பக்கத்தில் ஒரு வாலிபனை இரண்டு பேர் தோளைப் பிடித்து அழுத்தித் தண்ணீருக்குள் நிறுத்தியிருந்தார்கள். அவன் காலில் சங்கிலி. வாயைத் திறந்து ஏதோ கத்தினான். அருவிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சீசனில் தினமும் பார்க்கிற காட்சிதான். நானும் பார்த்துவிட்டுப் பெண்கள் பக்கம் போனேன்.

பெண்ணின் கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் நானும் புடவையோடு தண்ணீருக்குள் போனேன். அவளுடைய மறுகையை அத்தை பிடித்திருந்தார். தண்ணீர் தலையிலும் தோளிலும் இடித்தது. பக்கத்தில் நின்றவர்கள் மூச்சு வாங்கினார்கள், சிரித்தார்கள், ஒருத்தி குளிரில் முருகா முருகா என்றாள். எனக்கு அது வேறு யாருடைய தோளிலோ விழுவதுபோல் இருந்தது. அத்தை பெண்ணின் காதுக்குள் கத்திக்கொண்டே இருந்தார். “அழுட்டி. ஏட்டி, அழுதுரு.” அவள் கண்ணைத் திறந்தபடியே நின்றாள். கடைசியில் அத்தைதான் அழுதார். அருவியில் யார் அழுதாலும் தெரியாது. உதடு கோணியதை வைத்துத்தான் கண்டுகொண்டேன்.

கரையேறித் துவட்டும்போது பெண் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

“வலிக்கும்னு சொன்னாவ. வலிக்கவே இல்ல.”

“எனக்கும் வலிக்கல,” என்றேன்.

அவள் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். என் நெற்றியையும் புடவையையும் அப்போதுதான் கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு அத்தை அவளை வாரம் ஒருமுறை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து விடுவார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். உள்ளே நானும் பெண்ணும் அநேகமாகச் சும்மா இருப்போம். எனக்குச் சும்மா இருப்பது சிரமமில்லை. ஒரு வாரம் சன்னல், ஒரு வாரம் அவளுடைய கைப்புண், ஒரு வாரம் தோப்பில் விழுந்த இடி. அப்படியே ஆவணியும் புரட்டாசியும் போயின. சாரல் நின்று குற்றாலத்துக் கூட்டம் கலைந்திருந்தது.

ஒருநாள் அவள் கேட்டாள்: “உங்க வீட்டுல அவிய செத்தப்போ நீங்க அழுதியளா?”

நம்மைப் பற்றி நோயாளியிடம் பேசக்கூடாது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் அவள் இரண்டு மாதத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“இல்ல,” என்றேன்.

“ஏன்?”

“தெரியாது. வரல.”

அவள் கணக்கு வாத்தியாரிடம் விடை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்: “எங்கண்ணன் வழுக்கி விழல.”

நான் கேட்காமலே தொடர்ந்து சொன்னாள்.

அண்ணன் பள்ளி இறுதித் தேர்வில் முந்தின வருஷம் தவறியிருந்தான். அந்த வருஷம் அண்ணனும் தங்கையும் சேர்ந்தே எழுதினார்கள். பேப்பரில் ரிசல்ட் வந்த அன்று அவளுடைய நம்பர் இருந்தது, அவனுடையது இல்லை. மத்தியானச் சாப்பாட்டில் அப்பா அவனைப் பார்த்துச் சொன்னார்: பொட்டப்பிள்ளை பாசாயிட்டா, நீ எருமை மேய்க்கப் போ. அவன் சோற்றில் கையை வைத்தபடி இருந்தான். பிறகு எழுந்து கை கழுவினான். வெளியே போகும்போது அவளிடம், “ஏட்டி, நல்லா எழுதியிருக்கே,” என்று சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் தோப்புக் கிணற்றில் கண்டார்கள்.

“அவன் மீன் மாதிரி நீந்துவான் டீச்சர். அந்தக் கிணத்துல எனக்கு நீச்சல் சொல்லித்தந்ததே அவந்தான். ஆனா கிராம முன்சீப் வந்து விசாரிச்சப்போ வழுக்கிட்டுன்னு சொல்லச் சொன்னாவ. இல்லேன்னா அறுத்துப் பாப்பாவ, போலீசு வரும், உனக்குக் கல்யாணம் ஆகாதுன்னு அப்பா சொன்னாவ. நான் சொன்னேன். குளிக்கப் போனான், வழுக்கிட்டுன்னு சொன்னேன். அதைச் சொன்னதுல இருந்து எனக்கு ஒண்ணும் தெரியல.”

இதைச் சொல்லும்போதும் அவள் முகத்தில் அசைவில்லை. எனக்கும் நெஞ்சு அடைக்கவில்லை. அவள் சொன்ன வரிசை மட்டும் அப்படியே மனசில் நின்றது: பேப்பர், சாப்பாடு, கை கழுவியது, கிணறு. பாஸ் ஆனதற்கு யாராவது அவளிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா என்று கேட்டேன். “அவன் சொன்னான்,” என்றாள். அவனைத் தவிர யாரும் சொல்லவில்லை.

“இங்கன நீ உள்ளபடியே சொல்லலாம். வெளியே போகாது,” என்றேன். அடுத்த வாரங்களில் அவள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக. அண்ணன் போட்டிருந்த சட்டை, குழம்பு என்ன குழம்பு, அப்பா எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் அத்தை மட்டும் ஓட்டமும் நடையுமாக வந்தார். “டீச்சர், பிள்ளைக்குப் பேய் பிடிச்சிட்டு. முன்னால இருந்ததுக்கு இப்ப மோசமாப் போச்சு.”

உட்காரச் சொல்லி விசாரித்தேன். துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் ஒரு நல்ல காரியம் நடக்கட்டும் என்று பெண் பார்க்க ஆட்களை வரச்சொல்லியிருக்கிறார்கள். பையன் வீட்டார் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே, ஒரு பையன் இருந்தானாமே என்று கேட்டிருக்கிறார்கள். அத்தை வழக்கம்போல, கால் வழுக்கிட்டு என்று சொல்லியிருக்கிறார். காப்பித் தட்டோடு நின்ற பெண், தட்டைச் சுவரில் வீசி எறிந்துவிட்டாள்.

“அத்தனை பேர் முன்னால நின்னு, அவன் வழுக்கல, வழுக்கல, எங்கப்பா பேசின பேச்சுல குதிச்சான்னு கத்துதா. வந்தவிய செருப்பைக்கூடச் சரியா மாட்டாமப் போயிட்டாவ. என் தம்பி சிலை மாதிரி நிக்கான். இவ நிப்பாட்டல. சாமியாடி மாதிரி உடம்பெல்லாம் ஆடுது. கோடாங்கியக் கூப்பிடட்டுமா?”

“அவ கத்தும்போது கண்ணு செவந்திருந்துதா?”

“ரத்தமாச் செவந்திருந்துது.”

“இது பேய் இல்ல. அவளுக்குக் கோபம் வந்திருக்கு. அஞ்சு மாசமா ஒண்ணுமே தெரியாம இருந்த பிள்ளைக்கு முதல்ல கோபம் தெரியுது. மத்ததும் தெரியட்டும். யாரையும் கூப்பிடாதிய.”

அத்தை என்னை நம்பினார் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கோடாங்கியைக் கூப்பிடவில்லை.

மறுநாள் பெண்ணின் அப்பா வந்தார். அதுவரை அவரை நான் பார்த்ததில்லை. தோளில் நல்ல துண்டு, சலவை வேட்டி. உட்காரச் சொல்லியும் வெகுநேரம் நின்றார்.

“பிள்ளை உங்ககிட்ட என்னல்லாம் சொல்லியிருக்கா?”

“அவ சொன்னதை நான் சொல்லக்கூடாது அண்ணாச்சி.”

“இது போலீசுக்குப் போகுமா?”

“நான் போலீசு இல்ல. இது ஆஸ்பத்திரி.”

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்புறம் அதைக் கையிலேயே வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“எல்லா அப்பனும் சொல்லுததுதானம்மா. எங்கப்பா என்னைச் சொல்லாததா? எருமை மேய்க்கப் போங்கிறது ஒரு வார்த்தையா? நான் அதை எத்தனை தடவை கேட்டு வளந்திருக்கேன்.” நிறுத்தினார். “சோத்துல கை வச்சிருந்தான். கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம். சாப்பிட்டு முடிக்கட்டும்னு விட்டிருக்கலாம்.”

“இதைப் பிள்ளைகிட்டச் சொல்லியிருக்கியளா?”

“எதை?”

“இப்ப எங்கிட்டச் சொன்னதை.”

இல்லை என்று தலையை ஆட்டினார்.

“வீட்டுல போய் இதை அப்படியே அவகிட்டச் சொல்லுங்க. அவளை வழுக்கிட்டுன்னு சொல்லவச்சதையும் சேத்துச் சொல்லுங்க.”

“சொன்னா அழுதிருவாளா?”

“தெரியாது.”

“அழலேன்னா?”

“அழலேன்னாலும் சொல்லுங்க.”

அவர் போன பிறகு சன்னலை மூடினேன். அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், அல்லது இரக்கம். இரண்டும் வரவில்லை. அவர் சொன்னதில் எந்த வார்த்தை அவருக்குக் கடினமாக இருந்தது என்று மட்டும் யோசித்தேன். ‘பொறுத்து’ என்ற வார்த்தை. அதற்கு முன்னால் அவர் எச்சில் விழுங்கினார்.

அந்த வாரம் பெண் வந்ததும் சொன்னாள். அப்பா தோப்பில் வைத்துச் சொன்னாராம். தேங்காய் உரித்துக்கொண்டிருந்த ஆட்களை அனுப்பிவிட்டுத்தான் பேசினாராம். பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். அவள் அழவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கையிலிருந்த துண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அவ்வளவு பெரிய ஆளு அழுதா பாக்கவே பயமா இருக்கு டீச்சர்.”

“பயமா இருந்துதா?”

“ஆமா.” சொல்லிவிட்டு யோசித்தாள். “பயந்தேன்,” என்றாள் மறுபடியும்.

அவள் அழுதது கார்த்திகையில், மழையில், தென்காசிக்கு வரும் பஸ்ஸில். அப்போதெல்லாம் தனியாக வர ஆரம்பித்திருந்தாள். கண்டக்டர் எத்தனை டிக்கெட் என்று கேட்டதற்குப் பழக்கத்தில் ரெண்டு என்று சொல்லிவிட்டாள். கூட யாரம்மா என்று அவர் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அண்ணனுக்கும் சேர்த்து அவள்தான் டிக்கெட் எடுப்பாளாம். என் அறைக்குள் நுழையும்போது மூக்கும் கண்ணும் வீங்கி, முந்தானை நனைந்து, அழுகை நிற்காமல் விக்கிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். தண்ணீர் கொடுத்தேன். பாதி சிந்தியது.

“நிக்கவே மாட்டேங்குது டீச்சர்.”

“நிக்கண்டாம். இருக்கட்டும்.”

அன்று முழுக்க வேறு யாரையும் அறைக்குள் விடவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். ரசம் வைத்துச் சாப்பிட்டேன். ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது என்று தெரிந்தது. சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது. தூரத்தில் ஏதோ வீட்டில் விளக்குப் போட்டதுபோல, எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். பிறர் அழுவதற்கு இடம் கொடுக்கிற வேலையை நான் அப்படித்தான் பல வருஷம் செய்தேன். என் சொந்த விஷயம் பிற்பாடு கொஞ்சம் இளகியது. ஒரேயடியாக அல்ல, எப்போது என்றும் சொல்லத் தெரியாது.

அந்தப் பெண் மறுவருஷம் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். செங்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். இந்தத் தடவை பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம், கல்யாணத்துக்கு முன்னாலேயே உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தாள் என்று அத்தை வந்து சொன்னார். சொல்லும்போது அவருக்கு அது பெருமையா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்கு அடுத்த கோடையில், ரிசல்ட் வந்த சமயம், குத்துக்கல்வலசையிலிருந்து ஒருவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் தேர்வில் தவறியிருந்தான். இரண்டு நாளாக யாரிடமும் பேசவில்லை, சாப்பிடவில்லை. டாக்டரிடம்கூடப் போகாமல் நேரே என் அறையைக் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். யார் அனுப்பியது என்று கேட்டேன்.

“இலஞ்சியில ஒரு அண்ணாச்சி. எங்களுக்குப் பழக்கம்கூடக் கிடையாது. இவன் பெயிலுன்னு யார் மூலமாவோ கேள்விப்பட்டு, காலைல சைக்கிள்ல வந்து வாசல்ல நிக்காவ. எம்பய கிணத்துல குதிச்சிட்டான், நான் சொன்ன ஒரு வார்த்தையால, நீ ஒண்ணும் சொல்லிராத, உடனே ஆஸ்பத்திரிக்கு அந்த டீச்சர்ட்டக் கூட்டிட்டுப் போன்னு சொன்னாவ. முன்னப்பின்னத் தெரியாத எங்கிட்ட வந்து அப்படிச் சொல்லுதாவ. அப்படியே இவனக் கூட்டிட்டு வந்துட்டேம்மா.”

பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. அவனை உட்காரச் சொன்னேன். அப்பாவை வெளியே பெஞ்சில் இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

“சன்னல் தெறந்திருக்கட்டுமா, மூடட்டுமா?” என்று கேட்டேன்.

அவன் பதில் சொல்ல நேரமாயிற்று. காத்திருந்தேன்.